பிள்ளையின் தட்டும் பெற்றோரின் பசியும்

வன்னியில் இன்று பிள்ளைக்குச் சோறூட்டும் உம்மாமாரும் அம்மாமாரும் அநேகமாக நிவாரணத்தில் வளர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் புத்தளத்து முகாம்களில் தங்கினார்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டுப் பெயர்ந்த சனம் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கம் வந்து நிறைந்தது. 2009இல் வன்னிச் சனம் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமுக்குள் போனது. சனம் வேறு, முகாம் வேறு. ஆனால் நிவாரணப் பையில் வந்தது ஏறத்தாழ ஒன்றுதான்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, கொஞ்சம் எண்ணெய். முருங்கை மரமும் கீரைப் பாத்தியும் மாட்டுப் பட்டியும் அந்தப் பையில் வராது.

பசியைக் கண்டவர் தம் பிள்ளை பசித்திருப்பதைப் பொறுக்கமாட்டார். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயத்திலிருந்து இரண்டு பழக்கங்கள் எமது வீடுகளுக்குள் வந்துவிட்டன. ஒன்று, தட்டு வெறுமையாகும்வரை விடாமல் ஊட்டுவது. மற்றது, தமக்குக் கிடைக்காத பிஸ்கட்டையும் டொபியையும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து அன்பைக் காட்டுவது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டும் சேர்ந்து உண்டாக்குவதுதான்.

அது எப்படி என்று பார்ப்போம். குழந்தை முதல் வருடத்தில் மிக வேகமாக வளர்கிறது. பிறந்த எடையைப் போல மூன்று மடங்கை ஒரு வயதில் எட்டிவிடும். இரண்டாம் வருடத்தில் கூடுவது ஏறத்தாழ இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். இது இயல்பு. “பிள்ளை ஒண்டும் சாப்பிடுதில்ல” என்று தாய் பயப்படத் தொடங்குவதும் அந்த வயதில்தான். பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட், பால்மாத் தேத்தண்ணி ஒரு கோப்பை. பன்னிரண்டரைக்குச் சோறு. பசியில்லாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிறகு கெஞ்சல், மிரட்டல், கடைசியில் கைத்தொலைபேசி. படத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. பசியையும் நிறைவையும் அறியும் உணர்வோடுதான் அல்லாஹ் குழந்தையைப் படைத்திருக்கிறான். அதை நாமே மழுங்கடிக்கிறோம்.

நபிகளார் (ஸல்) தமது வளர்ப்பு மகன் உமர் இப்னு அபீஸலமாவுக்குச் சாப்பாட்டு ஒழுங்கு கற்பித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. சிறுவரின் கை தட்டெங்கும் அலைந்ததைக் கண்டு நபிகளார் சொன்னவை மூன்றே விடயங்கள்: பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தன் பக்கத்தில் உள்ளதை உண்பது. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. அச்சிறுவர் பெரியவர்களோடு ஒரே தட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க உணவியலாளர் எலின் சேட்டர் 1980களில் பெற்றோருக்கு வகுத்த விதியும் இதற்குக் கிட்டவே வருகிறது. என்ன உணவு, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பதும், சாப்பிடுவதா விடுவதா என்பதும் பிள்ளையின் பொறுப்பு. அப்படியானால் பிள்ளை விரும்பியதை மட்டும் கொடுப்பதா? இல்லை. 1920களின் இறுதியில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், பால் மறந்த குழந்தைகள் சிலருக்குப் பலவகை உணவுகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் வைத்த உணவுகளில் சீனியும் இல்லை, வெள்ளை மாப் பண்டமும் இல்லை. சூட்சுமம் அந்த உணவுப் பட்டியலில்தான் இருந்தது என்று 1939இல் அவரே எழுதினார். தெரிவு பிள்ளையுடையது, பட்டியல் எம்முடையது.

அந்தப் பட்டியலில் எதை வைப்பது? இன்னொரு ஹதீஸை நினைத்துப் பார்க்கலாம். பொரித்த பாலைவன உடும்பு விருந்தில் வைக்கப்பட்டபோது நபிகளார் உண்ணவில்லை. அது ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் பின் வலீத் (ரலி) அதே இடத்தில் அதை எடுத்து உண்டார்கள். ஒருவரும் வற்புறுத்தப்படவில்லை, ஒருவரும் தடுக்கப்படவில்லை. நாக்கின் விருப்பம் பழக்கத்தால் வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இதை எமது வீடுகளோடு பொருத்திப் பார்த்தால் மனம் சங்கடப்படும். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குரக்கன் பிட்டு, அவித்த கௌபி, பயறு, பனங்கிழங்கு, குளத்து மீன், கோடையில் பாலைப்பழம் எல்லாம் இந்த மண்ணின் சாப்பாடு. குரக்கனில் கல்சியம் அரிசியில் உள்ளதைவிடப் பல மடங்கு. ஆனால் நிவாரண மாவில் வளர்ந்த தலைமுறைக்கு இவற்றில் பாதி கைமாறி வரவில்லை. பக்கற்றில் வளரும் அடுத்த தலைமுறைக்கு முருங்கையிலைதான் அந்நிய மண்ணின் உணவாகத் தெரியும். மீள்குடியேற்றத்தில் காணியும் வீடும் கிடைத்தாலும் நாக்கு இன்னும் ஊர் திரும்பவில்லை.

அதைத் திருப்பிக் கொண்டுவர அவசரப்படக் கூடாது. புதிய உணவொன்றைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து, சிலவேளை பதினைந்து தடவைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டிவரும். நாம் இரண்டாம் தடவையிலேயே “இவனுக்குக் கீரை பிடிக்காது” என்று பிள்ளையின் காதுபடச் சொல்லிவிடுகிறோம். கறியோடு ஒரு கரண்டி வறையையும் தட்டில் வையுங்கள், நாமும் சாப்பிடுவோம், பேசாமல் விடுவோம். “கீரை சாப்பிட்டால் டொபி தருவேன்” என்பது வேண்டாம். கீரை தண்டனை, டொபி பரிசு என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து படிக்கும்.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் தேத்தண்ணியும் பணிசும் சாப்பிட்டுப் பாடசாலை வரும் பிள்ளைகள் அதிகம். தேயிலையில் உள்ள சாயச்சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. வளரும் பிள்ளைக்கு, முக்கியமாக வயதுக்கு வரும் பெண்பிள்ளைக்கு, அது இரத்தச்சோகையில் கொண்டுபோய் விடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாவோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

கடையில் பக்கற்றை எடுத்ததும் எமது கண் ஹலால் முத்திரையைத் தேடுகிறது. நல்லது. ஆனால் அல்குர்ஆன் (2:168) ஹலாலோடு ‘தய்யிப்’, அதாவது நல்லதாகவும் தூயதாகவும் இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2016 முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 200 மில்லிலீற்றர் பக்கற் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வரும். அந்தக் குறியைப் பார்க்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இடைவேளைப் பெட்டிக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. அவித்த கடலை, கௌபி, முட்டை ரொட்டி, வாழைப்பழம், கச்சான் போதும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கச்சானை இடித்தே கொடுக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் புரைக்கேறிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பசி குறைந்த பிள்ளை வேறு, எடை குறைந்த பிள்ளை வேறு. கிளினிக் அட்டையில் எடைக்கோடு மட்டமாகவே போனாலோ கீழே இறங்கினாலோ குடும்பநல மாதுவிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் திணிப்பது மருந்தல்ல. சிறிது சிறிதாகப் பல தடவை கொடுத்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் மீனும் சேர்ப்பதே வழி. 1973 முதல் இந்நாட்டில் கொடுக்கப்பட்டுவரும் திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கே போக வேண்டும். வீட்டார் எல்லோரும் பங்குபோட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு கரண்டிதான்.

கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறோம். வீட்டிலோ வாப்பா ஒரு நேரம், உம்மா ஒரு நேரம், பிள்ளை தொலைபேசியோடு ஒரு நேரம். ஒரு நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக இருந்து, ஒரே கறியைச் சாப்பிடுவோம். பிள்ளை போதும் என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கை கழுவ விடுவோம். எமது பசி எம்மோடு போகட்டும். பிள்ளை தன் பசியைத் தானே அறிந்து உண்ணட்டும்.