கோதுமையின் வேலையை அரிசி செய்யுமா? குளூட்டன் இல்லாத பேக்கிங்கின் சிக்கல்கள்

கோதுமையை உண்ணக் கூடாத ஒருவருக்காக வீட்டிலேயே பிரெட்டும் கேக்கும் செய்ய முற்படுவோர், சமையலில் நல்ல பழக்கமுள்ளவர்களாக இருந்தாலும், தொடக்கத்தில் பெரும்பாலும் ஏமாற்றத்தையே சந்திக்கின்றனர். எழும்பாமல் கனத்துக் கிடக்கும் பிரெட், கத்தி பட்டதும் உதிர்ந்துபோகும் கேக், ஓவனுக்குள் நன்றாக உப்பி வெளியே எடுத்த சில நிமிடங்களில் நடுவில் குழிந்துவிடும் மேற்பகுதி, வெந்த பிறகும் பிசுபிசுப்பு நீங்காத உட்பகுதி ஆகியவை இந்தச் சமையலில் மீண்டும் மீண்டும் காணப்படும் குறைகள். விலை கூடிய மாவும் முட்டையும் வெண்ணெயும் வீணாவதோடு, ஆசையோடு காத்திருந்த குழந்தைக்குத் தர ஒன்றும் இல்லாமல் போவதும் செய்தவரைச் சோர்வடையச் செய்கிறது. இக்குறைகளைக் கைப்பக்குவத்தின் மீது சுமத்துவது பொருந்தாது. கோதுமையின் இயல்பை நம்பியே உருவான செய்முறைகளில், அந்த இயல்பு சிறிதும் இல்லாத மாவுகளை இட்டு அதே பலனை எதிர்பார்ப்பதே இவற்றுக்கு அடிப்படைக் காரணம் என்பதை, மாவுக்குள் நடக்கும் மாற்றங்களை அறிந்தால் உணரலாம்.

யாருக்காக இந்த முயற்சி?

குளூட்டன் என்பது கோதுமையிலுள்ள புரதங்களால் உருவாகும் பொருள்; பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் அதையொத்த புரதங்கள் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள் இவற்றை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரையே தாக்குவதால், உணவுச் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து, வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு போன்ற பாதிப்புகள் தோன்றுகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே, இந்நோயுள்ள குழந்தைகளின் உணவிலிருந்து கோதுமையை நீக்கினால் அவர்கள் தேறுவதை 1950-இல் தமது ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். உலக மக்களில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில், கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட வட மாநிலங்களில் மிகுதியாகவும் தென் மாநிலங்களில் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது.

இந்நோய்க்கு இன்றுவரை உள்ள சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே. சோறும் இட்லியும் உண்ணும் தமிழ்க் குடும்பங்களில் அன்றாடச் சாப்பாட்டுக்கு இதனால் பெரிய தடை இல்லை என்றாலும், பள்ளிக்குக் கொண்டுபோகும் சாண்ட்விச், பிறந்தநாள் கேக், மாலைநேர பிஸ்கட் ஆகியவற்றில் மற்றக் குழந்தைகளுக்குக் கிடைப்பது தனக்கு மட்டும் மறுக்கப்படுவதை ஒரு குழந்தை ஆழமாகவே உணர்கிறது. ஆகவே வீட்டில் நடக்கும் இந்த முயற்சியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கோதுமை மாவில் நடப்பது

கோதுமை மாவை நீர் விட்டுப் பிசையும்போது, கிளையடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் எனப்படும் வலையை உருவாக்குகின்றன. கிளையடின் மாவுக்கு இழுபடும் தன்மையையும், குளூட்டெனின் இழுத்தபின் மீளும் தன்மையையும் தருகின்றன. இத்தாலியின் போலோஞா நகரைச் சேர்ந்த யாக்கோப்போ பெக்காரி என்னும் அறிஞர், இப்பொருளைத் தனியே பிரித்தெடுத்ததைப் பற்றி 1728-இல் உரையாற்றினார். பிசைந்த மைதா உருண்டையை நீருக்குள் வைத்துத் தொடர்ந்து அலசினால், வெண்ணிறமான ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்து நீரோடு வெளியேற, ரப்பர் போன்ற திரள் ஒன்று கையில் எஞ்சுவதை இன்றும் எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு, இந்த வலையின் மெல்லிய சுவர்களுக்குள் அடைபட்டுக் குமிழிகளாகிறது. குமிழி பெரிதாகும்போது சுவர் கிழியாமல் நீண்டுகொடுக்கிறது. ஓவனின் சூட்டில் புரதம் இறுகி, மாவுச்சத்து வெந்து நிலைபெறும்போது, எழும்பிய வடிவம் அப்படியே நிற்கிறது. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றிலும் புரதம் உண்டு என்றாலும், அவை இத்தகைய வலையைப் பின்னுவதில்லை. எனவே ஈஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்து வாயுவை உண்டாக்கினாலும், அதைப் பிடித்துவைக்க மாவில் எதுவும் இல்லாமையால், அது மேற்பரப்பின் வழியே வெளியேறிவிடுகிறது. எவ்வளவு நேரம் பிசைந்தாலும் இந்நிலை மாறுவதில்லை.

குறைகளும் காரணங்களும்

கனத்துப்போகும் பிரெட்டுக்கு நீரின் அளவு முதன்மையான காரணமாகிறது. கோதுமை பிரெட்டுக்கு மாவின் எடையில் 60 முதல் 65 சதவீதம் வரை நீர் போதுமானதாக இருக்க, குளூட்டன் இல்லாத பிரெட்டுக்கு மாவின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகவும், சில செய்முறைகளில் அதற்கு மேலாகவும் நீர் தேவைப்படுகிறது. ஆகவே சரியான பதத்தில் இருக்கும் மாவு, உருட்டும் மாவாக இல்லாமல் கெட்டியான இட்லி மாவை ஒத்திருக்கும். சப்பாத்தி மாவின் பதத்துக்குப் பழகிய கண், இதைத் தளர்ந்துவிட்டதாக எண்ணி மேலும் மாவைச் சேர்க்கச் சொல்கிறது. அந்த ஒரு செயலாலேயே பிரெட் எழும்பாமல் போகிறது.

நடுவில் குழிவதற்குக் காரணம், குமிழிச் சுவர்கள் இறுகுவதற்கு முன்பே மாவு அளவுக்கு மீறி உப்பிவிடுவதாகும். கோதுமை மாவைப் போல இருமுறை எழும்பவிடாமல், அச்சில் ஊற்றி ஒருமுறை மட்டும் எழும்பவிட்டு, முழுமையாக எழும்புவதற்குச் சற்று முன்பே ஓவனில் வைப்பதும், பக்கச்சுவர் தாங்கிநிற்கும் குறுகிய அச்சைப் பயன்படுத்துவதும் இதைத் தடுக்கின்றன. பிசுபிசுப்புக்கு, நீர் முழுமையாக வெளியேறும் முன் எடுத்துவிடுவதும் சூட்டோடு வெட்டுவதும் காரணங்களாகின்றன. மேற்பகுதி பொன்னிறமானாலும் உட்பகுதி வெந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லாமையால், உட்பகுதியின் வெப்பம் 96 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா என்று உணவு வெப்பமானியால் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

முதல் நாள் மென்மையாக இருந்தது மறுநாள் விறைத்துப்போவதும் பொதுவான குறைதான். வெந்த மாவுச்சத்தின் மூலக்கூறுகள் ஆறியபின் மீண்டும் நெருங்கி ஒழுங்காக அடுக்கப்படுவதால் இந்த விறைப்பு வருகிறது. குளிர்சாதனப் பெட்டியின் குளிர் அதை விரைவுபடுத்துகிறது. எனவே பிரெட்டை ஆறியவுடன் துண்டுகளாக வெட்டி, உறைநிலைப் பெட்டியான ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்துச் சுடவைப்பதே ஏற்றது.

பிணைக்கும் பொருள்கள்

குளூட்டனின் இடத்தை நிரப்பப் பல பொருள்கள் பயன்பட்டாலும், அதன் எல்லாப் பணிகளையும் தனியே செய்யக்கூடியது எதுவும் இல்லை. நாட்டு மருந்துக் கடைகளில் மலச்சிக்கலுக்காக விற்கப்படும் இசப்கோல் உமி, நீரில் ஊறியதும் கூழாகத் திரண்டு, மாவுக்கு ஓரளவு இழுபடும் தன்மையைத் தருவதால், பிரெட்டுக்கு மிகவும் உதவுகிறது. மாவின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் சேர்ப்பது வழக்கம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் குவார் கம், சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா சர்க்கரையை நொதிக்கச் செய்து உண்டாக்கும் சாந்தன் கம் ஆகியவை கலவையைத் தடிப்பாக்கிக் குமிழிகளைத் தாங்குகின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் அல்லீன் ஜீன்ஸ் என்னும் வேதியியலாளரின் குழு கண்டறிந்த சாந்தன் கம், 1969-இல் அந்நாட்டில் உணவுப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. கேக்குக்கு ஒரு கோப்பை மாவுக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி போதும். அளவு மீறினால் கேக் வழவழப்பாகிவிடும். கடையில் வாங்கும் கலவை மாவுகள் சிலவற்றில் இது முன்பே சேர்க்கப்பட்டிருப்பதால், உறையின் மேலுள்ள விவரத்தைப் படிக்காமல் மீண்டும் சேர்ப்பவர்கள் காரணம் புரியாத தோல்விக்கு ஆளாகின்றனர்.

எந்தப் பண்டத்தில் குளூட்டனின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே கடினமும் அமைகிறது. பிஸ்கட்டுக்குக் குளூட்டன் வலுப்படாமல் இருப்பதே நல்லது என்பதால், அரிசி மாவு, கடலை மாவு, கேழ்வரகு மாவு ஆகியவற்றில் அது எளிதாகக் கைகூடுகிறது. கேக்கில் முட்டையின் புரதம் வடிவத்தைத் தாங்குவதால் அடுத்த நிலையில் எளிது. பிரெட் கடினம், மெல்லியதாக இழுத்து அடுக்கடுக்காக மடிக்க வேண்டிய பஃப்ஸும் பரோட்டாவும் மிகக் கடினம். பிஸ்கட்டில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறுபவர், நேரடியாக பிரெட்டில் இறங்குபவரைவிட ஏமாற்றங்களைக் குறைத்துக்கொள்ள முடியும்.

இட்லி காட்டும் வழி

குளூட்டன் இல்லாமல் மாவை எழும்பவைப்பது தமிழ்ச் சமையலுக்குப் புதியதன்று. இட்லி மாவில் உளுந்தின் புரதமும், அதன் வழவழப்புக்குக் காரணமான பலசர்க்கரைப் பொருளும் சேர்ந்து, புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுவைப் பிடித்துவைக்கின்றன. ஆழம் குறைந்த சிறு குழிகளில், ஈரமான ஆவியில் வேகும் இட்லி, விரைவில் நிலைபெற்றுவிடுவதால் குழிவதில்லை. ஆழமான அச்சில், வறண்ட சூட்டில், நெடுநேரம் வேகும் பிரெட்டுக்கு அந்த வசதி இல்லை. பெரிய பிரெட் கைகூடாதவர்கள் அதே மாவைச் சிறிய பன்களாகச் சுட்டால் நல்ல பலன் கிடைப்பதும் இக்காரணத்தால்தான்.

அரிசி மாவின் தரமும் கருதத்தக்கது. உலர்ந்த அரிசியை இயந்திரத்தில் அரைக்கும்போது, உராய்வினாலும் சூட்டினாலும் மாவுச்சத்து மணிகள் பெரிதும் சிதைகின்றன. சிதைந்தவை அளவுக்கு மீறி நீரை உறிஞ்சி, பதத்தைக் கெடுக்கின்றன. இடியாப்பத்துக்கும் அதிரசத்துக்கும் செய்வது போல அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதத்தோடு இடிக்கும் மாவில் இச்சிதைவு குறைவு. 2017-இல் ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தையும் அந்நாட்டின் தேசிய வேளாண் ஆய்வு அமைப்பையும் சேர்ந்த ஆய்வாளர்கள், சிதைவு குறைந்த அரிசி மாவைக் கொண்டு, பிணைக்கும் பொருள் எதையும் சேர்க்காமலே பிரெட் எழும்புவதை விளக்கினர். அரிசியின் வகையையும் அரைத்த முறையையும் குறிப்பிடாமல் வெறுமனே அரிசி மாவு என்று சொல்லும் செய்முறை, ஒரு வீட்டில் பலித்து மறுவீட்டில் பொய்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத கலப்பு

சீலியாக் நோயுள்ளவருக்குப் பண்டம் நன்றாக அமைவதைவிடப் பாதுகாப்பாக அமைவது முதன்மையானது. குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிட்டு விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர விதி; இந்திய விதியும் அதுவே. சாதாரண கோதுமை பிரெட்டின் ஒரு துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருப்பதால், 100 கிலோ உணவை அந்த வரம்புக்குக் கொண்டுவர அந்த ஒரு துண்டே போதும். கோதுமை அரைத்த மில்லிலேயே அரைக்கப்படும் அரிசி மாவு, மைதா சலித்த சல்லடை, கோதுமையோடு சேர்த்துப் பதப்படுத்தப்படும் ஓட்ஸ் ஆகியவற்றின் வழியாகக் கலப்பு நுழைகிறது. ரவையும் சேமியாவும் கோதுமையின் வடிவங்கள் என்பதும், கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருப்பதும், மால்ட் பானங்களில் பார்லி இருப்பதும் பல குடும்பங்களுக்கு நோய் கண்டறியப்பட்ட பின்னரே தெரியவருகின்றன.

செய்ய வேண்டியவை

ஒரு கோப்பை மைதாவும் ஒரு கோப்பை அரிசி மாவும் எடையில் சமமாக இல்லாமையால், இந்தச் சமையலில் கோப்பைக்குப் பதில் சமையலறைத் தராசைப் பயன்படுத்துவதும், ஒருமுறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி விளைவைக் குறித்துவைப்பதும் இன்றியமையாதவை. ஆனால் முழுச் சுமையையும் வீட்டில் சமைப்பவர் மீதே வைப்பது நியாயமன்று. சமையல் நூல்கள் அளவுகளைக் கிராமில் தந்து, மாவு அரைத்த முறையையும் குறிப்பிட வேண்டும்; மாவு மில்கள் இயந்திரத்தைத் துடைத்தபின் நாளின் முதல் அரைப்பை இத்தகைய குடும்பங்களுக்கு ஒதுக்க முன்வர வேண்டும்; உணவு உற்பத்தியாளர்கள் கோதுமைக் கலப்பை உறையில் தமிழிலும் தெளிவாக அச்சிட வேண்டும். அரிசியின் இயல்பை அறிந்து, அதற்கெனவே எழுதப்படும் செய்முறைகள் பெருகினால், கோதுமை உண்ண முடியாத குழந்தையின் தட்டிலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே பிரெட்டும் கேக்கும் அச்சமின்றி இடம்பெறும்.