பழுப்பு முட்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, கையில் கொஞ்சம் பணம் புரளும் தை, மாசியில் கொல்லையில் நாலு கோழி விடலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் எழுகிறது. அதை அறிந்தே குஞ்சு வியாபாரிகள் வருகிறார்கள். அவர்கள் சொல்வது எங்கும் ஒன்றுதான்: கிராஸ் கோழி, அடிக்கடி அடைக்கு உட்காராது, முட்டை நிறைய வைக்கும், அதுவும் பழுப்பு முட்டை, நாட்டுக்கோழி முட்டை விலைக்கே போகும். இதில் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உண்மை. நிறத்தைப் பற்றிய பேச்சுதான் வாங்குபவரையும் கெடுக்கிறது, பின்னால் அந்த முட்டையைச் சாப்பிடுபவரையும் ஏமாற்றுகிறது. கலப்பினக் குஞ்சு வாங்குவது தஞ்சை விவசாயக் குடும்பத்துக்கு நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதை நிறத்துக்காக வாங்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முட்டை ஓடு கோழியின் வயிற்றுக்குள் உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது. பழுப்பு முட்டையின் ஓடும் வெள்ளையாகத்தான் தொடங்குகிறது. பழுப்பு முட்டையிடும் இனங்களில், முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி ஓட்டின் மேல் படிகிறது. பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். தென்னமெரிக்காவின் சிலி நாட்டு அரவ்கானா கோழியின் நீல முட்டை அப்படியல்ல. நீலம் ஓடு முழுவதும் ஊறியிருக்கும், உள்ளேயும் நீலம்தான். அந்த நீலம் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளிடம் வெளிப்படும் ஓங்கு பண்பு என்று 1933-இல் இங்கிலாந்தின் மரபியல் அறிஞர் பன்னெட் நிறுவினார். அந்தப் பண்புக்கான மரபணுவை முடுக்கிவிட்டது என்றோ புகுந்த ஒரு பழைய வைரஸின் துண்டு என்று 2013-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நீல இனத்தையும் பழுப்பு இனத்தையும் கலந்தால் பச்சை முட்டை கிடைக்கும். ஒயிட் லெகார்ன் வெள்ளை முட்டையிடும், ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டையிடும். ஆக, ஓட்டின் நிறம் சொல்வது கோழியின் வம்சத்தை மட்டுமே. அது என்ன தின்றது, எங்கே மேய்ந்தது என்பதை அந்த நிறம் சொல்லாது. அறுவடை முடிந்த வயல்களில் கூட்டம் கூட்டமாக மேய்க்கும் வாத்துகளின் முட்டையில் பச்சைச் சாயல் இருப்பதை டெல்டாக்காரர்கள் காலம் காலமாகப் பார்த்து வருகிறார்கள். அந்தச் சாயலுக்காக யாரும் கூடுதல் விலை கேட்டதில்லை.

சத்து விஷயத்திலும் இதே கதைதான். நடுத்தர அளவு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கும், ஓடு வெள்ளையானாலும் பழுப்பானாலும். மஞ்சள் கரு அடர்ந்து சிவந்திருப்பதற்குக் காரணம் கோழி கொத்தித் தின்ற கீரையும் புல்லும். பள்ளிச் சத்துணவில் பிள்ளைகள் சாப்பிடும் வெள்ளை முட்டை எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பழுப்பு முட்டைகளில் பல, பிவி 380 போன்ற பண்ணை ரகங்கள் கூண்டுக்குள் இருந்தபடி இட்டவை. அவை பழுப்புதான், ஆனால் கொல்லையில் மேய்ந்த கோழியின் முட்டை அல்ல. ஓட்டின் நிறம் உண்மையில் பயன்படுவது கோழி வளர்ப்பவருக்கு. வழக்கமாகக் கரும்பழுப்பாக முட்டையிட்ட கோழி வெளுத்த முட்டையிடத் தொடங்கினால், அதற்கு வயதாகிறது, அல்லது நோயோ அதிர்ச்சியோ தாக்கியிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் கலப்பினக் கோழியால் என்ன லாபம்? எண்ணிக்கைதான். நம் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைதான் வைக்கும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும், 21 நாள் அடைகாக்கும், பிறகு குஞ்சுகளோடு மாதக்கணக்கில் திரியும். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா புறக்கடையிலேயே ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் தரக்கூடியது. அதே நிறுவனத்தின் வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, சுமார் நூறு முட்டை தரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவையும் புறக்கடைக்காக உருவாக்கப்பட்டவைதான். இந்தக் கூடுதல் முட்டைகளில் பெரும்பங்கு அடைக்கு உட்காரும் குணத்தை மங்கவைத்ததால் வந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. நிறைய முட்டை வைக்கும் கோழி தன் சந்ததியைத் தானே பொரிக்காது.

வேறொரு விலையும் இருக்கிறது. அதைப் பற்றி வியாபாரிகள் பேசுவதில்லை, அதிகாரிகளும் குறைவாகவே பேசுகிறார்கள். தஞ்சையின் கொல்லைக் கோழி வளர்ப்பு சிந்திய நெல்லை நம்பி நின்றது. கதிரைக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்து, தூற்றி, காயவைத்த காலத்தில் வைக்கோல் போரைச் சுற்றிக் கோழிக்கு மாதக்கணக்கில் தீனி கிடந்தது. இப்போது அறுவடை எந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டுகிறது. நெல் அங்கிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வீட்டு வாசலில் சிந்துவது கைப்பிடிதான். அறுபது முட்டை வைக்கும் சிறுவிடைக்கு அந்தக் கைப்பிடியும் குப்பைமேட்டுப் புழுவும் போதும். நூற்றைம்பது முட்டை வைக்கும் கோழிக்குப் போதாது. ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி வேண்டும், ஆண்டுக்கு 36 கிலோ. பாதியை அது மேய்ந்து தேடிக்கொண்டாலும் மீதி 18 கிலோவை நாம்தான் போட வேண்டும். ஓடு ஒன்று 5, 6 கிராம் எடை என்றால், 150 முட்டைக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ சுண்ணாம்பு போகிறது. கிளிஞ்சல் தூள் வைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பிறகு தோல் முட்டை போடும், கடைசியில் படுத்துவிடும்.

இதற்கு நம்மிடமே வழி உண்டு. குருணையும் தவிடும் டெல்டாவில் எளிதில் கிடைக்கின்றன, வாய்க்கால் ஓரத்தில் அசோலா வளர்க்கலாம். குஞ்சுக்குப் புரதம் வேண்டுமானால் கறையான் பானை இருக்கிறது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானைக்குள் கறையான் மொய்த்திருக்கும். குஞ்சுகள் முன்னால் தட்டிவிட்டால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்த வேலையை எத்தனை வீடுகள் இன்னும் செய்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குஞ்சு வாங்கும் இடத்திலும் நிறம் கண்ணை மறைக்கிறது. தெருவில் ரோஸ், பச்சைச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு உதவாத ஆண் குஞ்சுகள். சாயம் பூசாத குஞ்சிலும் கேட்க வேண்டிய கேள்வி ஆணா பெண்ணா என்பதுதான். பிரிக்காமல் வாங்கினால் இருபதில் ஏறக்குறைய பத்து சேவலாக இருக்கும். செந்நிறச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் முறையாகச் சேர்த்தால் பெண் குஞ்சு செம்மையாகவும் ஆண் குஞ்சு வெளுப்பாகவும் பிறக்கும். அப்படிப்பட்ட கலப்பில் முதல் நாளே பிரித்துவிடலாம். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் கலைந்துவிடும், முட்டை எண்ணிக்கையும் சீராக இருக்காது. ஆகவே கலப்பினக் கோழி வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்தில்தான் புதிய குஞ்சு வாங்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சந்தை பழுப்புக்கு அதிக விலை கொடுக்கும்போது, கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் பெண் அந்த விலையை வாங்கினால் என்ன தப்பு? அவருக்கு அந்த விலை கிடைக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் நிறத்தை வைத்து விற்றால் அவரை முதலில் தோற்கடிப்பது கூண்டுப் பண்ணைதான். அதே நிறத்தை அது பல்லாயிரக்கணக்கில், மலிவாகக் கொடுக்கும். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டையாக விற்கிறார்கள் என்ற செய்தியும் அவ்வப்போது வருகிறது. இன்று காலையில் இட்டது, வெளியில் மேய்ந்த கோழி, இன்னார் வீட்டு முட்டை என்பவற்றை மட்டும் எந்தப் பண்ணையாலும் போலி செய்ய முடியாது. அந்தப் பெண் விற்க வேண்டியது அவற்றைத்தான். அதற்கு ஓடு எந்த நிறமானாலும் ஒன்றுதான்.

அறுபது முட்டைக்காகச் சிறுவிடையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் கேட்பார்கள். அது தன் தீனியைத் தானே தேடும், பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், கீரியை எதிர்த்து நிற்கும், எந்த முட்டையை வைத்தாலும் பொரித்துத் தரும். இன்குபேட்டரும், முதல் வாரத்தில் 35 டிகிரி வெப்பம் காக்கும் புரூடர் விளக்கும் செய்கிற வேலையை மின்சாரமே இல்லாமல் அது செய்கிறது. எல்லாப் பெட்டையையும் விற்றுவிட்டு முழுக்கக் கலப்பினத்துக்கு மாறிய வீடு, ஒரு கழிச்சல் நோயில் எல்லாவற்றையும் இழந்தால் மறுபடி தொடங்கக் கையில் ஒன்றும் இராது.

வாங்குகிறவர்கள் ஒரு நாள் குஞ்சைத் தெருவில் வாங்காதீர்கள். ஒரு மாதம் வளர்ந்த, இன்ன ரகம் என்று பெயர் சொல்லி விற்கும் குஞ்சை வாங்குங்கள். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டிய கழிச்சல் சொட்டு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எட்டாம் வாரம் ஊசி போட வேண்டும். வீட்டில் இரண்டு சிறுவிடைப் பெட்டையாவது இருக்கட்டும். அவற்றை ஒரு பக்கமும் கலப்பினத்தை ஒரு பக்கமும் வளர்க்க முடிந்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். பக்கத்து வயலில் மருந்து தெளித்த நாட்களில் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். எந்த ரகம் உங்கள் ஊருக்கு ஏற்றது என்ற ஐயம் இருந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். கோழிக்கழிச்சலுக்கு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. இந்த முறை உங்கள் கோழிகளையும் கொண்டுபோங்கள்.