விமானிக்கும் உறக்கம் வேண்டும்

விமானிகள் சங்கம் வழக்குப் போட்டது என்றாலே "சம்பளம் போதவில்லையாக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் கேட்பதில் முக்கியமான ஒன்று உறக்கம்.

2010 மே 22 காலை துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர். தலைமை விமானி வழியில் ஒன்றரை மணிக்கு மேல் உறங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவிலேயே இருந்தது. உறங்கி விழித்த மூளை உடனே தெளிவதில்லை. இறங்க வேண்டாம், மறுபடி மேலே கிளப்புங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் இறங்கினார். மத்தியானம் கல்லாவில் கண்ணசந்து எழுந்தால் பத்து நிமிஷம் நானே யாருக்கும் பில் போடுவதில்லை!

பின்னிரவு 2 முதல் 6 மணி வரை உடம்பின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும். இதையெல்லாம் எண்ணித்தான் 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புது விதி தந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் தயங்கின. சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றத்தில் நின்ற பிறகே 2025 ஜூலை, நவம்பர் என இரு கட்டமாக அமலாயிற்று. டிசம்பரில் இண்டிகோ ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. அதற்கு இரவு விதிகளில் தற்காலிக விலக்கும் கிடைத்தது. சங்கங்கள் எதிர்த்தன. விதி வருவது முன்கூட்டியே தெரியுமே, ஆளெடுத்திருக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. தீபாவளிக்கு ஆள் வைக்காத கடைக்காரன் தீபாவளியைத் தள்ளிவைக்கச் சொன்னால் யார் ஒப்புவார்கள்?