சாவிக்கொத்தில் ஒரு முயல்குட்டி

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டால் பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை அனைவரும் தேட வேண்டியதாகிறது. அதே சாவியில் கையடக்கமான பொம்மை ஒன்று தொங்கினால், பையின் அடியில் கிடந்தாலும் கைக்குத் தட்டுப்படும். கடந்த டிசம்பரில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து நூலினால் நாற்பது முயல்குட்டிகளைப் பின்னிச் சாவி வளையங்களில் கோத்தோம். அவற்றைச் செய்யும் முறையையும், செய்யும்போது நாங்கள் கற்ற பாடத்தையும் எங்கள் தங்கைகளுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில், ஏன் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் பக்கத்திலிருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். அவளுடைய அப்பா நெசவாளர். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். தீபாவளி கழியட்டும், பொங்கல் வரட்டும் என்று கண்ணாடி வாங்குவது தள்ளிக்கொண்டே போயிற்று. பொதுத்தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிறோம் என்றோம். அவள், "சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன். ஏதாவது வேலை சொல்லுங்கள், நானும் சேர்ந்து செய்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் தையல் சிஸ்டர்தான் வழி காட்டினார். கிறிஸ்துமஸ் விற்பனையில் ஒரு மேசை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

எந்த விலங்கைப் பின்னுவது? யானை, முயல், அணில், பூனை என்று சண்டை வந்தது. நாங்கள் உத்திரமேரூர்ப் பெண்கள் அல்லவா! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள் என்று அவை கூறுகின்றன. நாங்களும் விலங்குகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டு, ஒன்றாம் வகுப்புச் சிறுமியை எடுக்கச் சொன்னோம். முயல் வந்தது.

கொக்கி ஊசியால் பின்னும் இக்கலையைக் குரோஷா என்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிர் அழுகிக் கொடிய பஞ்சம் தொடங்கியபோது, அங்குள்ள கன்னியர் மடங்கள் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்றுக்கொடுத்தன. பின்னலை விற்று எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மதர் மரி லூயிஸ் தெ மேஸ்தர் வந்து இறங்கிய முளகுமூட்டிலும் லேஸ் வேலை பல பெண்களுக்குச் சோறு போட்டது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று சென்னையில் பெண்கள் பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பஞ்சு அடைத்த குட்டிப் பொம்மைகளைப் பின்னும் முறையை ஜப்பானியர் 'அமிகுருமி' என்று அழைக்கின்றனர். எங்கள் முயலும் அந்த வகையைச் சேர்ந்ததே.

தேவையான பொருள்கள் இவை: வெள்ளை உல்லன் நூல், இரண்டரை மில்லிமீட்டர் கொக்கி ஊசி, கண்ணுக்கும் மூக்குக்கும் கறுப்பு நூல், பெரிய காது உள்ள தையல் ஊசி, சிறிது பஞ்சு, ஓர் ஊக்கு, ஒரு சாவி வளையம். துணி பின்னுவதற்குக் கொள்ளும் ஊசியை விடச் சற்று மெல்லிய ஊசியையே எடுக்க வேண்டும். பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாது. முதல் முயலைத் தடித்த ஊசியால் பின்னி நாங்களே ஏமாந்தோம்.

ஒரே ஒரு தையல் தெரிந்தால் போதும். முன் சுற்றிலுள்ள கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி நூலை மாட்டி அவ்விரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். ஒரு தையல் முடிந்தது. இதை அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள்' என்றும், ஆங்கிலேயப் புத்தகங்கள் 'டபுள்' என்றும் குறிப்பிடும். புத்தகம் எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் பொம்மை வேறு உருவமாகிவிடும்.

தலையை இப்படிப் பின்ன வேண்டும். விரலில் நூலைச் சுற்றி வளையமாக்கி, அதற்குள் 6 தையல் போட்டு, வளையத்தை இறுக்குங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. அடுத்த மூன்று சுற்றுகளையும் கூட்டாமல் குறைக்காமல் 18 ஆகவே பின்னுங்கள். பிறகு குறைக்க வேண்டும். ஒரு கண்ணியிலிருந்து நூலை இழுத்து, முடிக்காமலே அடுத்த கண்ணியிலிருந்தும் இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் சேரும். மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்தால் இரண்டு தையல் ஒன்றாகிவிடும். ஒரு தையல் சாதாரணமாக, அடுத்த இரண்டும் ஒன்றாக என்று சுற்றி வந்தால் 12 ஆகும். இந்நிலையில் பஞ்சை அடையுங்கள். இன்னொரு சுற்றில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 6 ஆக்கி, நூலைக் கோத்து மூடிவிடுங்கள். பெரிய நெல்லிக்காய் அளவில் உருண்டை கிடைக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளாய்ப் போவதால் தொடக்கம் தெரியாது; ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் ஊக்கை மாட்டிக்கொண்டு எண்ணுங்கள்.

6, 12, 18 என்று ஏன் ஆறாறாகக் கூட்டுகிறோம்? இதில் நம் கணக்குப் பாடமே இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர். ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 6.28 கூடும். எங்கள் தையல் ஏறக்குறைய உயரமும் அகலமும் சமமாக இருப்பதால், ஒரு சுற்று ஏறும்போது ஆறு தையல் கூட்டினால் பின்னல் தட்டையான வட்டமாக விரியும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம் போல் குழியும். அதிகமாகக் கூட்டினால் பாவாடை விளிம்பு போல் அலை அலையாகச் சுருங்கும். அந்த அலைப் பின்னலைக் கொண்டே, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் 1997-இல் ஒருவகை வளைந்த தளத்தைக் கையில் எடுத்துக் காட்டும்படி செய்தார். பாட்டி கை ஊசியில் இத்தனை கணக்கா என்று வியந்தோம்!

உடலையும் தலையைப் போலவே பின்னி, நடுவில் ஒரு சுற்று மட்டும் அதிகமாக்குங்கள். காது ஒவ்வொன்றும் 6 தையலில் தொடங்கி, மேலும் ஐந்து சுற்றுகள் கூட்டாமல் பின்னிய குழாய். அதற்குப் பஞ்சு வேண்டாம். தட்டையாக அழுத்தித் தலையில் தைத்துவிடலாம். வால் ஒரு சிறு நூல் குஞ்சம். சாவி வளையத்தை உச்சியிலுள்ள ஒரே தையலில் கட்டிவிடாதீர்கள். நாலு நாளில் அறுந்துவிடும். உறுதியான நூலை உடலின் அடியில் முடிந்து, உடல், தலை இரண்டையும் ஊடுருவி மேலே கொண்டுவந்து வளையத்தில் கட்டுங்கள். சாவியின் பாரம் முழுப் பொம்மையிலும் பரவும்.

இனி எங்கள் தவறு. முதலில் கண்களுக்குக் கறுப்பு மணிகளைப் பசையால் ஒட்டினோம். பளபளவென்று அழகாக இருந்தன. இருபத்திரண்டு முயல்கள் முடிந்த நிலையில், எங்களுள் ஒருத்தி ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவளுடைய ஒன்றரை வயதுத் தம்பி அதை வாயில் வைத்துச் சப்ப, மணி கழன்று வாய்க்குள் போய்விட்டது. நல்லவேளை, துப்பிவிட்டான். தொண்டையில் சிக்கியிருந்தால்? மறுநாள் வகுப்பில் பேச்சு எழுந்தது. சாவிக்கொத்து பெரியவர்களுக்குத்தானே என்றார்கள் சிலர். விற்பனைக்கு நான்கே நாட்கள் இருந்தன. சிஸ்டர், "முடிவு உங்களுடையது" என்று மட்டும் சொன்னார். ஒருவரும் பேசவில்லை. கண்ணாடிக்காகக் காத்திருந்த எங்கள் தோழிதான் முதலில் கத்தரிக்கோலை எடுத்தாள். நாற்பத்து நான்கு மணிகளையும் பிய்த்தெறிந்துவிட்டு, கறுப்பு நூலால் கண்களைத் தைத்தோம். அந்த வேலையில் அவளுக்கு இணை யாரும் இல்லை. தூரம் தெரியாத அவள் கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கும் தையல் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு முயலின் காதையும் வாலையும் இழுத்துப் பார்த்த பின்பே மேசைக்கு அனுப்பினோம்.

ஒன்று முப்பது ரூபாய் வீதம் நாற்பதும் விற்று, 1,200 ரூபாய் சேர்ந்தது. நூல், வளையம் எல்லாவற்றுக்கும் ஆன 260 ரூபாய் போக 940 மீதி. அதில் கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்டு வந்த முதல் நாள், இயற்கணிதப் பாடத்தின் நடுவில் அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இத்தனை கழித்தல் குறிகளா இருந்தன?" என்று கேட்டாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய அரையாண்டு மதிப்பெண் குறைந்ததன் காரணம் அன்றுதான் எங்களுக்கும் விளங்கியது.

அன்புத் தங்கைகளே, முதல் முயல் கோணலாகத்தான் வரும். எங்களுடையதும் கத்தரிக்காய் போலத்தான் இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி பின்னுங்கள், நூல் கோபித்துக்கொள்ளாது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா! ஆனால் கண்களை மட்டும் நூலால் தையுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு