கண் மேற்பரப்புச் சதை வளர்ச்சியில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் பங்கு: குமரிக் கடலோர உழைப்பாளர்களை முன்வைத்து

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 72 கி.மீ. நீள்கிறது. வள்ளத்திலும் விசைப்படகிலும் கடல்தொழில் செய்வோர், புத்தளம், சாமித்தோப்பு பகுதி உப்பளங்களில் உழைப்போர், நாஞ்சில் நாட்டு வயல்களில் நடவும் அறுப்பும் செய்வோர் என இம்மாவட்டத்தில் பலருக்கும் பகல் முழுவதும் வெயிலில்தான் கழிகிறது. திறந்தவெளியில் உழைப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் கண்நோய்களுள் ஒன்று 'டெரிஜியம்'. சிறு சிறகு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது இப்பெயர். மக்கள் இதனைக் 'கண்ணில் சதை வளர்தல்' என்பர். வேண்டாத சதை, வெட்டினால் தீரும் என்ற எண்ணத்தை இவ்வழக்கு தோற்றுவிக்கிறது. இவ்வளர்ச்சியின் வேரில் கதிரால் விளையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் இருப்பதையும், அதனால் அறுவை மட்டுமே தீர்வாகாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இயல்பு

கண்ணின் வெண்மைப் பகுதியை மூடியுள்ள மெல்லிய தோல் இமையிணைப்படலம் ஆகும். இதிலிருந்து இரத்த நாளங்களுடன் கூடிய திசு முக்கோண வடிவில் கருவிழியின் மீது படர்வதே டெரிஜியம். இது புற்றுநோய் அன்று. தொடக்கத்தில் உறுத்தலும் சிவப்பும் மட்டுமே தோன்றும். வளர்ச்சி முன்னேறும்போது கருவிழியின் வளைவு மாறிப் பார்வைச் சிதறல் குறைபாடு உண்டாகிறது. கண்மணியை எட்டினால் பார்வையே மறைக்கப்படுகிறது.

கதிரும் நில அமைவும்

நிலநடுக்கோட்டின் இருபுறமும் 37 பாகை வரையுள்ள நிலப்பகுதியில் இந்நோய் மிகுதி என்பதைக் கேமரன் 1965-இல் எடுத்துக்காட்டினார். கன்னியாகுமரி முனை வடக்கே 8 பாகையில் அமைந்துள்ளது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நண்பகல் கதிரவன் இங்கு நேர் உச்சியில் நிற்கிறது. திசம்பர் மாதத்திலும் அதன் நண்பகல் உயரம் 58 பாகைக்குக் குறைவதில்லை. எனவே புற ஊதாக் கதிர் தணியும் பருவம் என ஒன்று இங்கு இல்லை எனலாம்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களை ஆராய்ந்த டெய்லர் குழுவினர், வாழ்நாளில் கண் பெற்ற புற ஊதாக் கதிரின் அளவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1989-இல் வெளியிட்டனர். அவ்விரிகுடா 37 பாகைக்கும் வடக்கே வரை நீள்வது. அங்கேயே இத்தொடர்பு புலப்படுமாயின், 8 பாகையில் வாழும் குமரி மீனவரின் நிலை கருதத்தக்கது. சென்னையிலும் அதனையடுத்த ஊரகப் பகுதிகளிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் நடத்தப்பெற்று 2012-இல் வெளிவந்த ஆய்வு, 9.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. நகரத்தாரை விட ஊரகத்தாரிடம் இது மிகுதியாக இருந்தது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் செயல்படும் முறை

உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு உருவாவது இயல்பே. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் முதலிய நொதிகளும் கண்ணீரிலுள்ள வைட்டமின் 'சி'யும் அவற்றை அடக்குகின்றன. புற ஊதாக் கதிர் தொடர்ந்து படும்போது உருவாக்கம் அடக்கும் திறனை விஞ்சுகிறது. இச்சமனின்மையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும்.

இதன் தடயங்கள் அறுவையில் நீக்கப்பட்ட திசுக்களிலேயே கிடைக்கின்றன. டி.என்.ஏ. ஆக்சிஜனேற்றம் அடைந்தமைக்கு அடையாளமான 8-ஹைட்ராக்சி டீஆக்சிகுவானோசின், கொழுப்புச் சிதைவால் விளையும் மேலான்டியால்டிஹைடு ஆகியன இயல்பான இமையிணைப்படலத்தை விட டெரிஜியத் திசுவில் மிகுந்திருப்பதும், காப்பு நொதிகளின் செயல்பாடு குறைந்திருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

சிதைவு வளர்ச்சியாக மாறுவது எவ்வாறு என்னும் வினா இங்கு எழுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் உயிரணுக்களுள் எச்சரிக்கைச் சமிக்ஞைகளைத் தூண்டுகிறது. அதன் விளைவாக அழற்சிப் புரதங்கள், இரத்த நாளங்களை வளர்க்கும் காரணிகள், திசுக்களைக் கரைத்து வழி அமைக்கும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் ஆகியன சுரக்கின்றன. காயத்தை ஆற்றுவதற்குரிய இச்செயல்கள், காயம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதால், முடிவின்றித் தொடர்கின்றன. கருவிழி விளிம்பிலுள்ள குருத்தணுக்கள் வெண்படலத் திசு கருவிழிக்குள் நுழையாதவாறு வரம்பு காப்பவை. அவை பழுதுறும்போது அவ்வரம்பு உடைகிறது.

மூக்கின் பக்கம் தோன்றுவது ஏன்?

டெரிஜியம் பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்திலேயே தோன்றுகிறது. இதற்குக் கொரோனியோ 1993-இல் ஒரு விளக்கம் தந்தார். பக்கவாட்டில், காதின் திசையிலிருந்து வரும் ஒளியைக் கருவிழி ஒரு வில்லையைப் போல வளைத்து, எதிர்ப்பக்கமான மூக்கோர விளிம்பில் குவிக்கிறது. அவ்வாறு குவியும் ஒளியின் செறிவு ஏறத்தாழ இருபது மடங்கு. மேலும், அது உள்ளிருந்து வருவதால் குருத்தணுக்களை நேரடியாகத் தாக்குகிறது.

இவ்விளக்கம் கடலோரத்திற்கு மிகவும் பொருந்துகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலர்ந்த கடல்மணல் 15 விழுக்காடும் கடல்நுரை 25 விழுக்காடும் புற ஊதாக் கதிரைத் திருப்பியனுப்புகின்றன. நாஞ்சில் வழக்கில் துவர்த்து எனப்படும் துண்டைத் தலையில் கட்டுவதோ தொப்பி அணிவதோ மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் ஒளிக்கு அவை தடையாகா.

அறுவையும் மறுவளர்ச்சியும்

வளர்ச்சியை மட்டும் வெட்டி அவ்விடத்தைத் திறந்து விடும் பழைய முறையில் நோய் மீண்டும் தோன்றுவது மிகுதி. அதே கண்ணின் நலமான இமையிணைப்படலத்தை எடுத்து ஒட்டும் முறையை 1985-இல் கென்யான் குழுவினர் விளக்கினர். இது மறுவளர்ச்சியைப் பெரிதும் குறைத்துள்ளது. ஆயினும் அறுவை முடிந்த உழைப்பாளி திரும்பிச் செல்வது அதே கடலுக்கும் உப்பளத்திற்குமே. சிவப்பைப் போக்க மருத்துவர் அறிவுரையின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் இடுவோர்க்குக் கண் நீர் அழுத்தம் உயரும் இடரும் உண்டு.

பக்கங்களையும் மூடும் வளைந்த அமைப்பும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மையும் உடைய கண்ணாடியே உரிய காப்பு. கண்ணாடியின் கருமை அதன் காப்புத் திறனைக் காட்டாது. அலைத்துளியும் உப்பும் படியும் கண்ணாடியுடன் வலை இழுப்பது எளிதன்று. ஆதலால் கழன்று விழாத கயிறும் எளிதில் கழுவத்தக்க தன்மையும் மலிவான விலையும் அதற்கு இன்றியமையாதவை.

முடிவுரை

டெரிஜியம் கதிரவனொளி பல்லாண்டுகளாகக் கண்ணில் ஏற்படுத்தும் ஆக்சிஜனேற்றச் சிதைவுடன் நெருங்கிய தொடர்புடையது என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும். திறந்தவெளி உழைப்போரைப் பொறுத்தவரை இதனைத் தொழில்சார் நோயாகவே கருதுதல் தகும். அவ்வாறு கருதினால், அறுவை அரங்கில் தொடங்கும் சிகிச்சை, படகில் ஏறுமுன் தொடங்கும் காப்பாக மாறும். மீனவர்க்கு உயிர்காப்பு மேலங்கி எவ்வளவு தேவையோ, கண்காப்புக் கண்ணாடியும் அவ்வளவு தேவை என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.