சத்திரத்துக்கு ஏ.சி. போட்டால்...!

"சர்வீஸ் அபார்ட்மென்ட்" என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க அடுப்பு இருக்கா?"

அப்பாவுக்குச் சென்னையில் பைபாஸ் ஆபரேஷன். முன்னால் டெஸ்ட், பின்னால் செக்கப் என்று 18 நாள் தங்கியாக வேண்டும். லாட்ஜில் இரண்டு ரூம், மூன்று வேளை ஓட்டல் சாப்பாடு... நான் பி.காம். கணக்குப் போட்டேன். எனக்கே நெஞ்சு வலித்தது! தவிர, அப்பாவுக்கு உப்புக் குறைத்த பத்தியம். அப்படி ரசம் வைக்கிற ஓட்டலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும்.

தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். கூடவே எங்க வயல் அரிசி இருபது கிலோ, புளி, மிளகு, பேப்பரில் சுற்றிய அரிவாள்மணை. அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி பேப்பரைப் பிரித்தவர், எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"கீரை நறுக்கப்பா" என்றார் அம்மா.

இரண்டு பெட்ரூம், ஹால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். எல்லாம் பளபள. கிச்சனில்தான் வில்லங்கம். இண்டக்ஷன் அடுப்பு ஒன்று, தோசைக்கல் ஒன்று. ஆம்லெட் போடலாம், சாதம் வடிக்க முடியாது! குக்கர் வாங்கிவர நான்தான் ஓடினேன். நீங்கள் போவதாக இருந்தால் புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்: குக்கர் உண்டா, லிஃப்ட் உண்டா, வாடகையில் கரண்ட், ஜி.எஸ்.டி. சேர்த்தியா, நாள் கூடினால் வாடகை குறையுமா, டெபாசிட் எப்போது திரும்பும்?

அப்பா சோபாவில் சாய்ந்தார். "இதென்னடா அதிசயம்? ஒரத்தநாடு சத்திரத்துல இதெல்லாம் அப்பவே உண்டு!"

சத்திரத்து விடுதியில் சாப்பிட்டுப் படித்தவர் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அது. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். அங்கே என்னென்ன நடக்கிறது என்று 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் டோரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எந்த ஜாதியானாலும் சாப்பாடு. சமைத்தது வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியாகவே படி. நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால், பிரசவத்துக்கு வருகிறவளுக்குக் கவனிப்பு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு.

சர்வீஸ் என்றால் அது சர்வீஸ்!

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி. நாளைக்கு அட்மிஷன். அப்பா தூங்கவில்லை. அம்மா தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு எழுந்துபோய் இன்டர்காமை எடுத்தார். எனக்குத் திக்கென்றது.

"தம்பி, சாப்பிட்டியா?"

மறுமுனையில் வாட்ச்மேன் தம்பி. இன்னும் இல்லையாம். இரண்டே நிமிஷத்தில் கிண்ணத்தோடு வந்து நின்றான். ரசம் சாதம், வாழைக்காய்ப் பொரியல். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, "இன்னுங் கொஞ்சம் போடு அவனுக்கு" என்றார். அப்புறம் படுத்தவர் விடியும்வரை அசையவில்லை.

அன்றிலிருந்து தினமும் பத்தரைக்கு அந்த இன்டர்காம் அடித்தது. அப்பா ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களிலும்! சமைக்காமல், ஒருத்தருக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்த நாட்களில் அம்மா உடைந்துபோயிருப்பார்.

அப்பா நலமாகத் திரும்பினார். காலி செய்யும்போது ஒரு ஸ்பூன் குறைகிறதென்று டெபாசிட்டில் ஐம்பது ரூபாய் பிடித்தார்கள். பில்லை வரி வரியாகச் சரிபார்த்தேன். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தது.

நியாயமாக அது அம்மாவுக்கு வரவேண்டிய பணம்!