சேப்பாக்கத்தில் 12,000 இருக்கைகள் பூட்டிக் கிடந்தது ஏன்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி நிற்கும். கரையில் வலை பின்னுவதும் இன்ஜின் பழுதுபார்ப்பதும்தான் வேலை. ஐ.பி.எல் ஜுரம் உச்சத்தில் இருப்பதும் இந்த நாள்களில்தான். காசிமேட்டிலிருந்து சேப்பாக்கம் மைதானம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால், சி.எஸ்.கே மேட்ச்சுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு!

இத்தனைக்கும் அதே மைதானத்தில் சுமார் 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்ட ஐ, ஜே, கே கேலரிகள் அவை. பக்கத்தில் இருந்த கிளப்பின் ஜிம் கட்டடத்துக்கும் கேலரிகளுக்கும் இடையே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்பது சிக்கல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால், 2019 ஐ.பி.எல் இறுதிப்போட்டியே சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு மாறியது. ஜிம் கட்டடம் இடிக்கப்பட்ட பிறகு, 2021-ல் இங்கிலாந்து டெஸ்ட்டின்போது பூட்டு திறந்தது. 2023-ல் கலைஞர் பெயரில் புதிய கேலரியும் வந்தது. இப்போது சுமார் 38,000 பேர் உட்காரலாம்.

கொஞ்சம் இடைவெளிக்காக இவ்வளவு கெடுபிடியா?

ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை, உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். மைதானமும் அப்படித்தான். பிரிட்டனில் பின்பற்றப்படும் மைதானப் பாதுகாப்புக் கையேடு நான்கு கணக்குகள் போடச் சொல்கிறது. எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் இருக்க முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும், ஆபத்து நேரத்தில் எத்தனை பேர் தப்ப முடியும்? இவற்றில் எது குறைவோ, அதுதான் மைதானத்தின் கொள்ளளவு.

மேட்ச் முடிந்ததும் எல்லோரும் 8 நிமிடங்களுக்குள் வெளியேற வேண்டும் என்கிறது கையேடு. ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். 8 நிமிடத்தில் 528 பேர். அப்படியானால் 12,000 பேருக்கு மொத்தம் சுமார் 23 மீட்டர் அகலத்துக்குப் படிக்கட்டு வேண்டும். கீழே இறங்கியவர்கள் நிற்கவும், தீயணைப்பு வண்டி நுழையவும் வெளியே காலி இடமும் வேண்டும்.

கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒரு காலத்தில் லட்சம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். 2011 உலகக் கோப்பைக்காகத் தனித்தனி இருக்கைகள் போட்டபோது, அது 70,000-க்கும் கீழே இறங்கியது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூன் 4-ம் தேதி பெங்களூரு காட்டியது. சுமார் 35,000 பேர் கொள்ளும் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, ஆர்.சி.பி வெற்றிக் கொண்டாட்டத்துக்காக லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கேட் அருகே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்த முறை குடும்பத்தோடு மேட்ச்சுக்குப் போனால், சீட் நம்பரைத் தேடும்போதே வெளியே போகும் வழியையும் பார்த்து வையுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போடுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லையா? கேட்டில் முண்டியடிக்க வேண்டாம். தெருவே கூடி டி.வி-யில் பார்ப்பதும் தனி சுகம்தான்!